குழுவில் எதையும் கேளுங்கள், மருந்தளவைத் தவிர

காலையில் குழந்தை நொண்டினால் முதலில் அதை வீடியோ எடுங்கள். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதத்தில் மூட்டு இறுக்கம் விடியலில்தான் அதிகம். மும்பையின் செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் மாறி, பரேலில் டாக்டர் முன் நிற்கும்போது என் மகள் துள்ளிக் குதிப்பாள். டாக்டர் என்னைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். கட்டிலிலிருந்து இறங்குவது, சுவரைப் பிடித்துக்கொண்டே குளியலறைக்குப் போவது, பற்பசை மூடியைத் திருக முடியாமல் என்னிடம் நீட்டுவது: அரை நிமிடம் போதும். இந்த வீடியோ டாக்டருக்கு மட்டும்; பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு வேண்டாம்.

ஆனால் அந்தக் குழுவில் தயங்காமல் சேருங்கள். 'சின்னப் பிள்ளைக்கு மூட்டுவாதமா?' என்று வியக்கும் உறவினர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பி.டி. வகுப்புக்கு விலக்குக் கடிதம் எப்படி எழுதுவது, ஊசி நாளன்று அழுகையை எப்படிச் சமாளிப்பது என்பதையெல்லாம் அவர்களைப்போல யாரும் சொல்லித்தர முடியாது.

மருந்தளவை மட்டும் கேட்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து இந்த நோய்க்கு வாரம் ஒரு முறைதான். அளவு ஒவ்வொரு பிள்ளையின் உடலைப் பொறுத்தது. தவறிப்போய் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. 'மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுங்கள்' என்பவருக்கு நான் பதில்கூடப் போடுவதில்லை. 'கண் சிவக்கவே இல்லையே, கண் டாக்டர் எதற்கு?' என்பதும் அடிக்கடி வரும். இந்த நோயோடு வரும் கண் அழற்சி பல பிள்ளைகளுக்குச் சிவப்பும் வலியும் இல்லாமலே பார்வையைக் கெடுக்கும். கண் டாக்டர் ஒளிக்கருவியால் கண்ணுக்குள் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் பரிசோதனையில்தான் தெரியும். சிலருக்கு அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவை.

மருந்துச் சீட்டைப் படமெடுத்துப் போடுகிறீர்களா? மேல் வரியில் பெயர், வயது, மருத்துவமனை எண் எல்லாம் இருக்கும். வெட்டிவிடுங்கள்.

ஆய்வுக்கு அழைப்பு வந்தால் உடனே விரட்டவும் வேண்டாம். நோய் அரிது; ஒரே மருத்துவமனையின் பிள்ளைகள் ஆய்வுக்குப் போதாது. இத்தாலியின் ஜெனோவாவை மையமாகக் கொண்ட பிரின்டோ என்ற பன்னாட்டு ஆய்வு வலையமைப்பு 1996-இல் தொடங்கியதே அதனால்தான். நடத்துவது யார், நெறிமுறைக் குழு அனுமதி உண்டா என்று கேளுங்கள். மருந்துச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டு எண் இருக்க வேண்டும். அதை இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். ஏழு வயது நிரம்பிய பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். எண்ணைக் கேட்டதும் மழுப்புகிறவருக்கு ரத்தப் பரிசோதனை அறிக்கை எதையும் அனுப்பாதீர்கள்.