சர்வர் அறைக்குப் போகாமலே ரெய்டு அமைப்பது எப்படி?

"புது டிஸ்க் இரண்டு மாட்டிட்டேன் சார், மிச்சத்தை நீங்க பாத்துக்குங்க" என்று டேட்டா சென்டரிலிருந்து போன் வருகிறது. மிச்சம் என்பது ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒரே டிஸ்க் போல இயங்கவைப்பது. சர்வரில் இயங்குதளமே இன்னும் ஏற்றவில்லை, எனவே தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், ரிமோட் டெஸ்க்டாப் எதுவும் உதவாது. டெல் பவர்எட்ஜ் சர்வர் என்றால் ஐடிராக் இருக்கிறது. மதர்போர்டிலேயே தனியாக ஓடும் குட்டிக் கணினி அது. சர்வரை அணைத்திருந்தாலும் பவர் கேபிளில் மின்சாரம் இருந்தால் போதும், அது விழித்திருக்கும்.

முதலில் கேபிள். சர்வரின் பின்பக்கம் ஸ்பானர் படம் போட்ட நெட்வொர்க் போர்ட்தான் ஐடிராக்குக்கு உரியது. யாரும் மாற்றாவிட்டால் அதன் ஐபி முகவரி பெரும்பாலும் 192.168.0.120. பழைய சர்வர்களில் பயனர் பெயர் ரூட் (root), கடவுச்சொல் கால்வின் (calvin). புதியவற்றில் முன்பக்கம் இழுத்தால் வெளிவரும் பட்டையில் தனிக் கடவுச்சொல் அச்சிட்டிருக்கும். உள்ளே நுழைந்ததும் மாற்றிவிடுங்கள். இந்த முகவரியைப் பொது இணையத்தில் திறந்து வைக்கவே கூடாது, விபிஎன் எனும் பாதுகாப்பான தனிவழியாக மட்டும் வாருங்கள்.

பிரவுசரில் முகவரியைத் தட்டினால் சான்றிதழ் எச்சரிக்கை வரும். நம் சர்வர்தான் என்று தெரிந்தால் தாண்டிப் போகலாம். டாஷ்போர்டில் விர்ச்சுவல் கன்சோலைத் திறங்கள், சர்வரின் திரை உங்கள் பிரவுசரிலேயே தெரியும். ரேக் சர்வர்களில் இதற்கு எண்டர்பிரைஸ் லைசென்ஸ் வேண்டும், பலர் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள்.

கன்சோலில் பூட் மெனுவுக்குப் போய் பயாஸ் செட்டப்பை (சர்வரின் அடிப்படை அமைப்புத் திரை) தேர்ந்தெடுத்து, பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வழக்கமாக அந்தத் திரைக்குப் போக அழுத்தும் எஃப்2 விசைக்காகக் காத்திருக்க வேண்டாம். கணினியில் வேறு ஜன்னல் தேர்வாகியிருந்தால் அந்த எஃப்2 உங்கள் லேப்டாப்புக்குத்தான் போகும்.

அடுத்து டிவைஸ் செட்டிங்ஸ், அதில் பெர்க் (டிஸ்க்குகளை நிர்வகிக்கும் டெல்லின் கார்டு) ரெய்டு கன்ட்ரோலர், மெயின் மெனு. உடனே விர்ச்சுவல் டிஸ்க், அதாவது ரெய்டில் சேர்ந்து ஒன்றாகத் தெரியும் டிஸ்க், உருவாக்கப் பாயாதீர்கள். முதலில் ஃபிசிக்கல் டிஸ்க் மேனேஜ்மென்டில் உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து பிளிங்க் கொடுங்கள். சர்வர் முன் நிற்பவரிடம், எந்த ஸ்லாட்டில் (டிஸ்க் மாட்டும் இடம்) விளக்கு மின்னுகிறது என்று கேளுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் ஸ்லாட் 2, 3 என்று மனக்கணக்கில் போனேன். ஸ்லாட் எண் 0 முதல் தொடங்குகிறது என்பது மறந்துவிட்டது. நல்லவேளை, உறுதிசெய்யும் திரையில் டிஸ்க்கின் அளவைப் பார்த்து விழித்துக்கொண்டேன்.

சரி, இப்போது கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட், கிரியேட் விர்ச்சுவல் டிஸ்க். இரண்டு டிஸ்க் என்றால் ரெய்டு 1, ஒன்று செத்தாலும் மற்றதில் எல்லாம் இருக்கும். ரெய்டு 5-க்குக் குறைந்தது 3 டிஸ்க், ரெய்டு 6-க்கு 4. டிஸ்க்குகளை டிக் செய்து அப்ளை சேஞ்சஸ், மறுபடி கிரியேட் விர்ச்சுவல் டிஸ்க், கன்ஃபர்ம், யெஸ். புது டிஸ்க்கைத் தயார்செய்யும் இனிஷியலைசேஷனுக்கு ஃபாஸ்ட் போதும்.

பட்டியலில் டிஸ்க்கே காட்டவில்லையா? நான்-ரெய்டு நிலையில் இருந்தால் ரெய்டுக்கு ஏற்றதாக மாற்றுங்கள். ஃபாரின் என்று காட்டினால் அது வேறு சர்வரில் ரெய்டில் இருந்த டிஸ்க். அதற்கு கிளியர் கொடுத்தால் பழைய ரெய்டு அமைப்பு போய்விடும், அதிலிருக்கும் தரவு யாருக்காவது தேவையா என்று கேட்டுவிட்டு அழுத்துங்கள்.

வெளியே வந்து இயங்குதள நிறுவலைத் தொடங்கினால், இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குக்குப் பதில் சுமார் 3.6 என்று ஒரே டிஸ்க் தெரியும். எதுவும் காணாமல் போகவில்லை: ரெய்டு 1-இல் ஒரு டிஸ்க் மற்றதன் நகல். 4 என்பது 3.6 ஆனதற்குக் காரணம், உற்பத்தியாளர் ஆயிரத்தில் எண்ணுகிறார், இயங்குதளம் பெரும்பாலும் 1024-இல் எண்ணுகிறது.