வீட்டில் ஆஸ்துமா இருந்தால் மாத்திரை வாங்குவது எப்படி?

முழங்கால் வலி என்றால் தெருமுனை மெடிக்கலில் "வலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கேட்டு வாங்குவதுதான் நம் வழக்கம். அட்டையில் ரெண்டை மட்டும் கத்தரித்துத் தருவார்கள்; பல நேரம் மருந்தின் பெயர் மீதி அட்டையிலேயே தங்கிவிடும். வீசிங் உள்ளவர் இருக்கும் வீட்டில் இது வேண்டாம்.

1. எல்லா மருந்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் நெஞ்சுக்கு ஒரு சீட்டு, கண்ணுக்கு ஒரு சீட்டு என்று வைத்திருப்பீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பி.பி., சுகர் மாத்திரை, இன்ஹேலர், நாட்டு மருந்து, எல்லாவற்றையும் சேருங்கள்.

2. கடையிலும் டாக்டரிடமும் "இவங்களுக்கு வீசிங் இருக்கு" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

3. அட்டையின் பின்பக்கத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் ஆகியவை ஆஸ்துமா உள்ள சிலருக்கு இளைப்பைக் கிளப்பும். மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். இவற்றில் ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மற்றவையும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் இவை வேண்டாம்; பி.பி.யையும் ஏற்றும். பாராசிட்டமால் பெரும்பாலோருக்குச் சரி. ஆனால் பாராசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரைகள் ஏராளம், அதனால் பெயரை முழுவதும் படிக்க வேண்டும். இதயத்துக்காக டாக்டர் எழுதிய ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அவரிடமே கேளுங்கள்.

4. கை நடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் ப்ரோப்ரனலால் மூச்சுக்குழாயைச் சுருக்கும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் அப்படித்தான். சொட்டு மருந்துதானே என்று யாரும் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய கவலை. பி.பி.க்கான எனலாப்ரில், ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அதை ஆஸ்துமா இருமல் என்று நினைத்து இன்ஹேலரைக் கூட்டாதீர்கள்.

5. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் சுகர் ஏறும், அடிக்கடி பாருங்கள். அதற்குப் பயந்து தினசரி இன்ஹேலரை விட்டுவிடக் கூடாது. அதில் உள்ள ஸ்டீராய்டின் அளவு மிகக் குறைவு.

6. ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து வாங்குபவர்கள் கடையை விட்டுக் கிளம்பும் முன்பே சந்தேகத்தைக் கேட்டுவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போனபிறகு மாற்ற வருவது லேசல்ல.

புது மாத்திரை போட்டு ஓரிரு மணி நேரத்துக்குள் மூச்சு இளைத்தால், உடனடி நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.