வீடியோ கேம் ஆடியிராதவரை ஆட வைப்பது எப்படி?

நீங்கள் உருவாக்கும் வீடியோ கேமுக்குப் புதியவர்கள் வர வேண்டுமென்றால், விளம்பரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு, வாழ்நாளில் கேம் ஆடியிராத ஒருவரை அழைத்து, கன்ட்ரோலரைக் கையில் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் வாய் திறக்காமல் அருகில் உட்காருங்கள். (வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினம்.) என் சித்தியிடம் நான் அப்படிக் கொடுத்தபோது, இடக் கட்டைவிரலால் நடப்பதும் வலக் கட்டைவிரலால் பார்வையைத் திருப்புவதும் அவருக்குப் பிடிபடவே இல்லை, திரையில் கதாநாயகன் சுவரில் முட்டி நிற்க, கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதை தொடங்குவதற்குள் கன்ட்ரோலர் என் கைக்கே திரும்பி வந்துவிட்டது. எங்கே தயங்கினார், எந்தப் பட்டனைத் தேடினார் என்பதைக் குறித்துவைத்து, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

நின்டெண்டோ நிறுவனம் 2006இல் ‘வீ’ (Wii) என்ற கேம் கருவியை வெளியிட்டபோது இந்தத் தடையைத்தான் அகற்றியது. டி.வி. ரிமோட்டை எடுக்க வீட்டில் யாரும் அஞ்சுவதில்லை என்பதால், ஏறக்குறைய அதே வடிவில் ஒன்றைக் கொடுத்து, டென்னிஸ் ஆட மட்டையை வீசுவதுபோல் கையை வீசினாலே போதும் என்று வைத்தார்கள். படத் துல்லியத்தில் போட்டிக் கருவிகளுக்குப் பின்தங்கியிருந்தும் அது 10 கோடி எண்ணிக்கைக்கு மேல் விற்றது. கருவியின் திறன் கூடினால் கூட்டம் தானே சேரும் என்று இன்றும் நம்புவோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கைக்கு எளிதாக இருந்தால் மட்டும் போதாது. ஆடுபவர் அறிந்த வாழ்க்கையும் உள்ளே இருக்க வேண்டும். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றி, டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற ஆட்டத்தில், நைந்து எழுத்தழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விடுபட்ட செய்முறையை ஊகித்து இட்லி வார்க்க வேண்டும். துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் ஊறியவரைவிட, அடுக்களையில் பழகியவருக்கே அங்கே கை ஓங்கியிருக்கும்.

ஆட்டம் கடினமானதாகவே இருக்க வேண்டுமென்றால், 2018இல் வந்த ‘செலஸ்ட்’டில் உள்ளதைப் போல, வேகத்தை ஆடுபவரே குறைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுங்கள், அதற்குக் ‘குழந்தைகளுக்கானது’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

வந்தவரைத் தக்கவைப்பது தனி வேலை. நின்டெண்டோவே 2012இல் கொண்டுவந்த ‘வீ யு’ கருவியின் விற்பனை 1.5 கோடியைக்கூட எட்டவில்லை: பெயரைப் பார்த்துப் பழைய கருவிக்கான உதிரிப்பாகம் என்று நினைத்தவர்கள் பலர், அதற்குள் செல்போனில் ஒரு விரலால் ஆடப் பழகிவிட்டவர்களும் பலர். ஆகவே முதல் ஆட்டத்தை வெளியிடும்போதே, அதில் பழகிய கைகள் தயங்காமல் தொடரக்கூடிய அடுத்த ஆட்டத்தின் வேலையையும் தொடங்கிவிடுங்கள்.