அவுட்லுக் தேடல் பெட்டியில் எட்டிப் பார்க்கும் கோப்புகள்

முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கையான ஈஏ படிவத்தைத் தேட இரண்டெழுத்து தட்டியதுமே பழைய சம்பளப் பட்டியலும் கீழே வந்து நிற்கிறதா? பினாங்கின் பாயான் லெப்பாஸ் அலுவலகக் கூட்டத்தில் திரையைப் பகிர்ந்திருப்பவருக்கு இது தர்மசங்கடம்தான். உங்களுக்கு அனுமதியுள்ள கோப்புதான் உங்கள் பரிந்துரையில் வரும். அதனால் மற்றவருக்கு அது திறந்துவிடாது. பெயர் தெரிவதுதான் சிக்கல்.

பழைய தேடல் சொல் என்றால் சுலபம். அதன்மேல் சுட்டியை வைக்கும்போது ஓரத்தில் பெருக்கல் குறி தெரிந்தால், அழுத்துங்கள்.

கோப்பு, அலுவலகக் கோப்புகளைப் பகிரும் ஷேர்பாயிண்ட் தளத்தில் இருந்தால், தள உரிமையாளர் தள அமைப்புகளில் தேடல் பகுதியைத் திறந்து, முடிவுகளில் தளம் தோன்றலாமா என்பதற்கு ‘இல்லை’ கொடுக்க வேண்டும். தேடலுக்கான அட்டவணை புதுப்பிக்கப்படும்வரை பழைய பெயர் வந்துகொண்டுதான் இருக்கும். பொறுக்காமல் மாற்றி மாற்றி அழுத்தாதீர்கள். இன்னொன்று, கணக்குப் பிரிவினருக்கும் அந்தத் தளத்துக் கோப்பு எதுவும் தேடலில் கிடைக்காது. தளத்தின் முகவரியை அவர்கள் சேமித்து வைத்திருக்கட்டும்.

ஒரே ஒரு கோப்புக்காக இவ்வளவு பாடு வீண். பெயரை மாற்றுங்கள், அல்லது டீம்ஸில் முழுத் திரையை விட்டு ஒரு சாளரத்தை மட்டும் பகிருங்கள்.