மழை விட்ட மறுநாள் காலையில் நடங்கள்

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அவருடைய உத்தியோகம் நிலவியல் ஆய்வு. தொல்லியல் அவராகத் தேடிக்கொண்ட ஆர்வம். அவருக்கு உதவியது நடையும் கூர்மையான கண்ணும்தான். அப்படி நடந்து பழங்காலப் பொருள்களைக் கண்டுபிடிக்க நமக்கும் முடியும்.

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை கிளம்புங்கள். மேல்மண் கரைந்து ஓடியிருக்கும், கல்லும் பானை ஓடும் கழுவிவிட்டாற்போல் தெரியும். உச்சிவெயில் வேண்டாம், சாய்ந்த வெயிலில்தான் மேடு பள்ளம் பிடிபடும். உழுத வயல், ஓடைக்கரை, கிணறு வெட்டிக் கொட்டிய மண் எல்லாம் நல்ல இடங்கள். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பானை ஓடு கிடைத்தால் இரண்டு பக்கமும் பாருங்கள். உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக வழவழவென்று இருந்தால் அது கருப்பு சிவப்புப் பானை என்ற பழங்கால மண்பாண்டத்தின் ஓடாக இருக்கலாம். கல் என்றால் சிப்பி பெயர்ந்தது போன்ற குழிவுகள் இருபுறமும் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்; இருந்தால் அது கற்காலக் கருவியாக இருக்கலாம்.

அப்புறம், தயவுசெய்து எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். கிடந்த இடம் போய்விட்டால் அதன் வரலாற்றில் பாதி போய்விடும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். மண்ணுக்குள்ளிருந்து காசோ நகையோ கிடைத்தால், 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே போதும்.