முதல் கார் வாங்கும் முன் ஆறு மாதம் அடுத்தவர் காரில் உட்காருங்கள்

கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை உறுதியான அன்றைக்கே செகண்ட் ஹேண்ட் கார் தேட ஆரம்பிக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகத் தேடுங்கள், ஆனால் அட்வான்ஸ் மட்டும் இப்போதைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் கார் என்றால் உயிரை விடுகிற ஆட்கள் எங்கே கூடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, கார் இல்லாமலேயே அவர்களோடு போய்ச் சேருங்கள். ஆறு மாதம் போதும்.

எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. படிப்பு முடிந்த வருடம் அப்பா மஞ்சள் விற்று வைத்திருந்த பணத்தில் ஒரு டீசல் வண்டி வாங்கினோம். சிங்கிள் ஓனர், 62 ஆயிரம் கிலோமீட்டர், ஒரு கோடு கூட இல்லை என்றார் புரோக்கர். மூன்றாவது மாதம், மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறிலிருந்து மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது, குன்னூர் ரோட்டின் 14 கொண்டை ஊசி வளைவில் மூன்றைக் கூடத் தாண்டவில்லை. வண்டியைக் கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டோம். மெக்கானிக் ஆயில் மூடியைத் திருகித் திறந்து கவிழ்த்துக் காட்டினார், உள்பக்கம் முழுக்க மோரில் காப்பியைக் கலந்த மாதிரி வெளுத்த பிசுக்கு. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகத்தை அடைத்து வைத்திருக்கிற தகடு) போய், இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. "வாங்கறப்பவே இப்படித்தானுங்க இருந்திருக்கும் தம்பி, தொறந்து பாக்கலையா?" என்று கேட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த மூடியைத் திறக்க பத்து வினாடி ஆகும், அதைத் திறந்து பார் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் இல்லை.

(குறைந்த தூரமே ஓடுகிற வண்டியில், குளிர் நாளில், மூடியில் லேசாக இந்தப் பிசுக்கு படிவது உண்டு. ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள்.)

சரி, இந்த ஆட்களை எங்கே பிடிப்பது? நம் கொங்குப் பக்கம் இதற்குப் பஞ்சமே இல்லை. 1920-இல் ஒரு பஸ்ஸை வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே ஓட்டிய ஜி.டி. நாயுடு பிறந்த மண் இது. நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர், 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் வீதிக்கு வீதி போர்வெல் போடுகிற ரிக் வண்டி நிற்கும். அதனால் முதலில் கல்லூரிக்குள்ளேயே பாருங்கள். மாணவர் போட்டிகளுக்காக பாஹா வண்டி (மேடு பள்ளத்தில் ஓடுகிறது), ஃபார்முலா வண்டி (ரேஸ் டிராக்கில் ஓடுகிறது) கட்டுகிற டீம் இருந்தால் மெக்கானிக்கல் துறை இல்லாவிட்டாலும் போய்ச் சேருங்கள், ஒயரிங் செய்யவும் கணக்கு எழுதவும் அங்கே எப்போதும் ஆள் தேவை. அப்புறம் செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர் டிராக், ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டி அங்கேதான் நடக்கிறது. ஒரு ரேஸ் நாளில் போய் நின்றால் பக்கத்தில் நிற்பவர் யாரென்று கேட்டாலே போதும், ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு வழி கிடைத்துவிடும். அவிநாசி ரோட்டில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்கும் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள், பழைய கார் பிடித்தவர்களை அங்கே பார்க்கலாம்.

இதெல்லாம் இல்லாத சின்ன ஊரா? உங்கள் ஊரில் நல்ல பேர் எடுத்த ஒரு பட்டறைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போய் ஓரமாக நில்லுங்கள். வேலை இல்லாமலேயே அங்கே வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற நாலு பேர் இருப்பார்கள். நீங்கள் தேடுவது அவர்களைத்தான்.

எல்லாக் குழுவும் ஒன்றல்ல. ஒரே மாடல் வைத்திருப்பவர்கள் சேர்வது ஒரு வகை, ஜீப் எடுத்துக்கொண்டு ஆற்று மணலில் இறங்குகிறவர்கள் ஒரு வகை, பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பவர்கள், பழைய பத்மினி காரை உயிர்ப்பிக்கிறவர்கள் என்று பல வகை. முதல் கார் வாங்கப் போகிறவருக்கு என் சிபாரிசு, தன் வண்டியைத் தானே பிரித்துப் பார்க்கிற ஆட்கள் இருக்கிற குழு. வண்டி சாதாரணமாக இருக்கும், பேச்சும் அதிகம் இருக்காது, ஆனால் பானட் திறந்தபடியே இருக்கும்.

முதல் நாள் எப்படிப் போவது என்பதுதான் பலருக்குத் தயக்கம், கார் இல்லாமல் போனால் மதிப்பார்களா என்று. மதிப்பார்கள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, பைபாஸ் ஓரம் ஏதாவது ஒரு பேக்கரி முன்னால் கூடுவார்கள். ஆறு மணி என்றால் ஐந்தே முக்காலுக்கு நில்லுங்கள். பஸ்ஸிலோ ஸ்கூட்டியிலோ வந்தேன், இன்னும் கார் இல்லை, முதல் வண்டி வாங்கும் முன் கற்றுக்கொள்ள வந்தேன் என்று அப்படியே சொல்லிவிடுங்கள். "எந்தூருங்க தம்பி, எங்க படிக்கறீங்க?" என்று கேட்பார்கள், ஒரு டீயும் தேங்காய் பன்னும் கைக்கு வரும், அவ்வளவுதான் அறிமுகம். அடுத்த வாரம் டீக்காசை நீங்கள் கொடுங்கள்.

கேட்காமல் யாருடைய காரையும் தொடாதீர்கள், சாய்ந்து நிற்காதீர்கள், பெல்ட் பக்கிளும் பேன்ட் ஜிப்பும் பெயின்ட்டில் போடுகிற கோடு பாலிஷில் லேசில் போகாது. போட்டோ எடுத்தால் நம்பர் பிளேட் தெரியாமல் போடுங்கள். பெண்கள் முதல் முறை போகும்போது ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. நல்ல குழுவில் குடும்பத்தோடு வருகிற அண்ணன்களும் அக்காக்களும் இருப்பார்கள், அதை வைத்தே குழுவை எடை போடலாம்.

இன்னொன்றையும் வைத்து எடை போடுங்கள். பைபாஸில் ரேஸ் விடுகிற, மலைப்பாதையில் நேரம் கணக்குப் போட்டு ஏறுகிற குழு என்று தெரிந்தால் அன்றைக்கே விலகிவிடுங்கள். பொது ரோட்டில் ரேஸ் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் குற்றம், முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வரலாம். சட்டத்தை விடுங்கள், எதிரே பால் கேன் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வருவார். நம் ஊர் ரோடு அது. வேகம் வேண்டுமென்றால் செட்டிபாளையத்தில் டிராக் இருக்கிறது.

குழுவில் சேர்ந்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று: "அண்ணா, நாலு லட்சத்துக்குள்ள எந்த கார் நல்லது?" தயவுசெய்து இப்படிக் கேட்காதீர்கள். பத்துப் பேர் பத்து பதில் சொல்வார்கள், பத்தும் அவரவர் வைத்திருக்கிற வண்டியாக இருக்கும். கேள்வியில் உங்கள் வாழ்க்கையை வையுங்கள். "வீடு காங்கேயத்துப் பக்கம், வேலை கோவை, வாரம் ஒரு தடவை ஊருக்குப் போய் வருவேன், மாதம் 1,000 கிலோமீட்டர் வரும், தோட்டத்துக்குப் போகிற மண் ரோடு ஒன்றரைக் கிலோமீட்டர், அம்மாவுக்கு முழங்கால் வலி, வண்டி வேப்பமரத்தடியில் நிற்கும்." இப்படிக் கேட்டால் வருகிற பதிலே வேறு. மாதம் 1,000 கிலோமீட்டருக்கு டீசல் எதற்கு என்று ஒருவர் சொல்வார், சீட் உயரம் முழங்காலுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்வார். கையில் இருக்கிற மொத்தப் பணத்தையும் வண்டி விலையாகச் சொல்லாதீர்கள். நாலு லட்சம் இருந்தால் மூன்றே கால், மூன்றரைக்குத் தேடுங்கள். இன்ஷூரன்ஸ், பேர் மாற்றம், டயர், பேட்டரி, எல்லா ஆயிலும் மாற்றுவது என்று மிச்சம் முதல் மாதத்திலேயே கரைந்துவிடும்.

இனி முக்கியமான பாகம், அடுத்தவர் காரில் உட்காருவது. ஆறு மாதத்தில் குறைந்தது பத்து விதமான வண்டிகளில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய் வாருங்கள். எங்கே போகிறோம் என்பதும் முக்கியம். ஆடி மாதம் பல்லடம் தாண்டி தாராபுரம், உடுமலை ரோட்டில் போங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலை எல்லாவற்றையும் சுழற்றிக்கொண்டு பக்கவாட்டில் அடிக்கும்போது, எடை குறைந்த உயரமான வண்டியில் ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை எப்படிப் பிடித்துக்கொண்டே போகிறார் என்று பாருங்கள். எடை கூடின வண்டியில் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஓட்டுவார். வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வண்டி திணறுகிறதா என்று பாருங்கள், அதைவிட முக்கியமாக இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜினையே பிரேக்காக வைத்து இறக்குகிற ஆளையும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து பாதியில் கருகல் வாசனை வரவைக்கிற ஆளையும் பாருங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பது விதி, அதை மதிக்கிற ஒருவரோடு ஒரு தடவை போய் வந்தால் ஆயுசுக்கும் மறக்காது.

போகும்போது சத்தங்களைக் கேளுங்கள். பாட்டை நிறுத்தச் சொல்லலாம், இந்த ஆட்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று வந்தால் சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்ட். ஸ்பீட் பிரேக்கரில் லொடக் என்றால் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ்ஷோ லிங்க் ராடோ. வேகம் கூடக் கூட ஊ என்ற இரைச்சல் ஏறினால் வீல் பேரிங்காக இருக்கலாம். மெக்கானிக்கல் படித்தவர்கள் வகுப்பில் பேரிங் ஆயுள் கணக்கு போட்டிருப்பீர்கள், அந்தக் கணக்கு காதில் விழுவது இங்கேதான்.

அடுத்து, குழுவில் யாராவது செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போனால் கூடவே போங்கள். வெறும் கையோடு போகாமல் ஒரு உபயோகத்தோடு போங்கள். ஆயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கிற ஓபிடி டாங்கிள் (காரில் செருகி அதன் கம்ப்யூட்டரைப் படிக்கிற சின்னக் கருவி) ஒன்றை வாங்கி போனில் இணைத்துப் பழகிக்கொண்டால், இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கிற கோளாறு குறியீடுகளைப் படிப்பது உங்கள் வேலையாகிவிடும். குறியீடு எதுவும் இல்லை என்றவுடன் சந்தோஷப்பட வேண்டாம், விற்கிறவர் நேற்றே அழித்திருக்கலாம். கார் தனக்குத்தானே செய்கிற சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அதே செயலி காட்டினால் சமீபத்தில் அழித்திருக்கவோ பேட்டரியைக் கழற்றியிருக்கவோ வாய்ப்பு உண்டு.

நான் அப்படிப் போன ஒரு நாளைச் சொல்கிறேன். திருப்பூர்ப் பக்கம் ஒரு வெள்ளை செடான், பார்க்க அத்தனை அழகு. எங்களோடு வந்த அண்ணன் வீட்டு வாசலில் இறங்கியதும் முதலில் பானட் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. "கொஞ்சம் ஆறட்டுங்க, அப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஆறின இன்ஜினை எழுப்பினால்தான் புகையும் சத்தமும் உண்மை பேசும் என்பது அவர் கணக்கு. அந்த நேரத்தில் டயர் ஓரத்தில் இருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்து நாலு எண்ணைக் காட்டினார், 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம் தயாரான டயர். நாலு டயரிலும் நாலு வெவ்வேறு வருடம். அப்புறம் பின் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார், சுருள் முடிகிற கடைசி முழம் வரை. அங்கே வெள்ளை டேக்குக்குக் கீழே செம்மண் நிறத்தில் குறுக்காக ஒரு கோடு, விரலால் தடவினால் மாவு மாதிரி உதிர்ந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டு ரெயிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விற்கிறவரிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லாமல், "வீட்ல கலந்துட்டு சொல்றோமுங்க" என்று எழுந்துவிட்டார். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனையோ. சீட் கவர் மாற்றலாம், கார்பெட் மாற்றலாம், பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை.

அதே போல, அடிபட்டுச் சரிசெய்த வண்டியா என்று அறிய பானட் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா, கதவு ரப்பரைக் கொஞ்சம் இழுத்தால் உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா, பட்டி பார்த்த இடம் தட்டும்போது சத்தம் மந்தமாக வருகிறதா, 40 ஆயிரம்தான் ஓடியது என்கிற வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் மழுங்கியிருக்கிறதா, இதையெல்லாம் ஐந்தாறு வண்டிகளில் கண்ணால் பார்த்தால் போதும், ஏழாவது வண்டியில் உங்கள் கை தானாகவே அங்கே போகும்.

பேப்பர் வேலை சீக்கிரம் முடிகிற விஷயம். ஆர்சியில் லோன் அடமானம் இருந்தால் பேங்க் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம், பேர் மாற்ற 29, 30. பாலக்காட்டு வண்டியோ பெங்களூரு வண்டியோ விலை குறைவாகத் தெரியும், அந்த மாநில என்ஓசி வாங்கி இங்கே வரி கட்டிய பிறகு கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்கிறவரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் செய்யாதவருக்கு இன்ஷூரன்ஸில் கிடைக்கிற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது. வண்டியின் நிறத்தை மாற்றியிருந்தால் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு உங்கள் வண்டி முடிவாகிற நாளில் குழுவில் இருந்து இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். ஒருவர் அந்த மாடலை வைத்திருப்பவர், இன்னொருவர் அந்த மாடலைப் பிடிக்காதவர். அப்பாவையும் கூட்டிப் போங்கள். ஆயில் மூடியை அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். பணம் கைமாறியதும் 30 நாளுக்குள் பேர் மாற்றத்துக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு ஐந்தரைக்கே பேக்கரி வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி பானட்டைத் திறந்து வையுங்கள். ஸ்கூட்டியில் வந்து ஓரமாக நிற்கிற ஒரு தம்பியோ தங்கையோ அன்றைக்கும் இருப்பார்கள், பக்கத்து சீட்டைக் காலியாக வைத்திருங்கள்.