சீக்கிரம் ஓய்வு பெற ஆசையா? வீட்டுச் செலவிலிருந்து தொடங்குங்கள்

சீக்கிரம் ஓய்வு பெற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எதில் முதலீடு செய்யலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் வீடு ஒரு வருடம் ஓட எவ்வளவு ஆகிறது? இந்த எண் கையில் இல்லாமல் வேறு எந்தக் கணக்கும் போட முடியாது.

படி 1: மூன்று மாதம் எழுதுங்கள்

தேதி, தொகை, எதற்காக. இவ்வளவு போதும். நோட்டுப் புத்தகமோ எக்ஸெலோ, எது கைக்கு வருகிறதோ அது. இந்த மூன்று மாதமும் எதையும் குறைக்க முயலாதீர்கள். இப்போதே சிக்கனம் பிடித்தால், நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்பது கணக்கில் தெரியாமல் போய்விடும். வீட்டில் செலவு செய்கிற எல்லோரும் எழுத வேண்டும். ஒருவர் எழுதி மற்றவரைக் குறுக்கு விசாரணை செய்தால், இரண்டாவது மாதமே நோட்டு மூலைக்குப் போய்விடும்.

படி 2: எப்போதாவது வரும் செலவைப் பிடியுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். மூன்று மாதச் செலவை நான்கால் பெருக்கி, இதுதான் வருடச் செலவு என்று நம்பிவிட்டேன். காப்பீட்டுப் பிரீமியம், வண்டி சர்வீஸ், பள்ளிக் கட்டணம், பல் மருத்துவம் எதுவும் அந்த மூன்று மாதத்தில் வரவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தபோது சேமிப்பில் கைவைக்க வேண்டியதாயிற்று.

அதனால் கடந்த 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, இப்படிப்பட்டவற்றை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். 12ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் வேறொரு கணக்கில் போட்டுவிடுங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை வாங்கும் பொருட்களையும் விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் உழைக்கும் ஃபிரிட்ஜ் என்றால், அதன் விலையில் 120ல் ஒரு பங்கு ஒவ்வொரு மாதமும் செலவாகிக்கொண்டிருக்கிறது.

படி 3: இலக்கைக் கணக்கிடுங்கள்

ஓய்வுக்கு முன் முடிந்துவிடும் கடன் தவணைகளை வருடச் செலவிலிருந்து கழியுங்கள். இப்போது அலுவலகம் கட்டுகிற மருத்துவக் காப்பீட்டைக் கூட்டுங்கள். வருகிற தொகையை 25ஆல் பெருக்கினால், ஓய்வுக்குமுன் சேர்க்க வேண்டிய மொத்தத் தொகை, அதாவது இலக்கு, கிடைக்கும் என்பது பலரும் சொல்லும் வழி. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த '4 சதவீத விதி' இது: சேர்த்ததில் முதல் வருடம் 4 சதவீதத்தை எடுத்துச் செலவு செய்து, பிறகு அந்தத் தொகையை விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொள்வது. ஆனால் அவர் பார்த்தது அமெரிக்கச் சந்தையை. முக்கிய அளவுகோல் 30 வருட ஓய்வு. 45 வயதில் வேலையை விடுகிறவருக்கு 40 வருடம், அதற்கு மேலும் தேவைப்படலாம். அதனால் 30 மடங்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

படி 4: எவ்வளவு காலம் ஆகும்?

முதலீட்டில் பணவீக்கம் போக வருடத்துக்கு 5 சதவீத லாபம், பலரும் சொல்லும் 25 மடங்கு இலக்கு, கையில் இப்போது எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் 10 சதவீதம் சேமித்தால் சுமார் 51 வருடம். 25 சதவீதம் என்றால் 32. பாதியைச் சேமித்தால் 17 வருடம்கூட ஆகாது.

மாதச் செலவில் 100 குறைந்தால், சேமிப்பு 100 கூடுகிறது. கூடவே இலக்கிலும் 30,000 குறைகிறது (100 × 12 × 25). சம்பள உயர்வு முதலாவதை மட்டும்தான் செய்யும்.

படி 5: எதைக் குறைப்பது?

வீடு, வண்டி, சாப்பாடு. பெரிய தொகை பெரும்பாலும் இங்கேதான் போகும். கிரெடிட் கார்டு கடன் இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள். ஆறு மாதச் செலவு அவசர நிதியாகத் தனியே இருக்கட்டும். மருத்துவக் காப்பீட்டில் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் மனசுக்குப் பிடித்த ஒரு செலவையும் விட்டுவையுங்கள். அதையும் வெட்டினால் யாராலும் 17 வருடம் தாக்குப்பிடிக்க முடியாது.

படி 6: வருடம் ஒருமுறை திருத்துங்கள்

72ஐ பணவீக்க விகிதத்தால் வகுத்தால், விலைவாசி இரட்டிப்பாகும் காலம் தோராயமாகத் தெரியும். 6 சதவீதம் என்றால் 12 வருடம். அதனால் வருடா வருடம் புதிய செலவை வைத்து இலக்கை மறுபடி போடுங்கள்.

வேலையை விடுவதற்கு முந்தைய ஆறு மாதம், ஓய்வுக்காகப் போட்ட பட்ஜெட்டில் மட்டும் வீட்டை நடத்திப் பாருங்கள். பற்றாக்குறை வந்தால், அந்த எண்ணோடு மறுபடி மூன்றாம் படிக்குப் போங்கள். சம்பளம் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே அதைச் சரிசெய்துவிடலாம்.